பேஸ்மென்ட் சீலிங்: மூடுவதா, திறந்தே விடுவதா?

ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்ப்டன் என்று கனடாவின் டொரண்டோ பக்கம் வீடு பார்க்கப் போகும் தமிழ்க் குடும்பங்கள், மாடியறைகளைப் பார்த்து, சமையலறையில் கொஞ்ச நேரம் நின்று, கடைசியாக இறங்கிப் பார்ப்பது பேஸ்மென்ட்டை. பல வீடுகளில் அங்கே வெறும் சிமென்ட் தரைதான். ஒரு மூலையில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், பக்கத்தில் வெந்நீர்த் தொட்டி. நிமிர்ந்து பார்த்தால் வரிசையாக மரச்சட்டங்கள், அவற்றுக்கு நடுவே தாமிரக் குழாய்கள், வெள்ளையும் மஞ்சளுமாக மின்கம்பிகள், யானைத் தும்பிக்கை மாதிரி நீளும் தகரக் காற்றுக்குழாய்.

“மூடிவிட்டால் வடிவாயிருக்கும்” என்பார் ஒருவர். “மூடினால் தலை இடிக்குமெல்லோ” என்பார் இன்னொருவர். இரண்டுமே உண்மை. அதனால்தான் இந்தப் பேச்சு பல வீடுகளில் வருடக்கணக்கில் முடியாமல் இழுக்கிறது.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு, வீட்டுக்கு அடியில் எதற்கு இன்னொரு தளம் என்று தோன்றலாம். குளிர்தான் காரணம். டொரண்டோ பகுதியில் குளிர்காலத்தில் மண் உறைந்து உப்பும். அந்த உப்பல் வீட்டை அசைக்காமல் இருக்க, அஸ்திவாரம் சுமார் 4 அடி ஆழத்துக்குக் கீழே போக வேண்டும். எப்படியும் 4 அடி தோண்டத்தான் போகிறோம், இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஒரு தளமே கிடைத்துவிடும் அல்லவா? அப்படி வந்ததுதான் பேஸ்மென்ட்.

மகளின் பரதநாட்டியப் பயிற்சி, மகனின் மிருதங்கம், நவராத்திரி கொலு, பிறந்தநாள் விருந்து எல்லாம் அங்கேதான். இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2022 ஜூலையில் இருந்து சூப்பர் விசாவில் வரும் பெற்றோர் ஒரே தடவையில் 5 வருடம் வரை தங்கலாம். அம்மம்மாவும் அப்பப்பாவும் ஒரு கோடைக்கு வந்துபோன காலத்தில் எப்படியோ சமாளித்த கீழ்த்தளம், இப்போது அவர்கள் வாழும் இடமாகிறது. சீலிங்கை என்ன செய்வது என்பது அலங்காரக் கேள்வி மட்டும் இல்லை என்று ஆவது இங்கேதான்.

அங்குலக் கணக்கு

ஒரு பழைய வீட்டில் சிமென்ட் தரையில் இருந்து மேல்தளத்தைத் தாங்கும் மரச்சட்டத்தின் அடிப்பாகம் வரை 7 அடி என்று வைத்துக்கொள்வோம். அங்கே இந்தச் சட்டங்களை ‘ஜாய்ஸ்ட்’ என்பார்கள். தரையில் ஈரம் ஏறாமல் இருக்கப் போடும் பலகையும் அதன்மேல் விரிப்பும் 1 அங்குலம் தின்றுவிடும். மேலே ஃபால்ஸ் சீலிங் போட்டால், சட்டகத்துக்கும், அட்டையைச் சாய்த்து உள்ளே நுழைக்கும் இடைவெளிக்கும் சேர்த்து 4 அங்குலம் போகும். மிச்சம் 6 அடி 7 அங்குலம்.

அதே இடத்தில் சீலிங்கே போடாமல் விட்டால்? ‘டூ பை டென்’ என்று சொல்லப்படும் சட்டத்தின் உண்மையான உயரம் 9¼ அங்குலம். சட்டத்துக்குச் சட்டம் இருக்கும் இடைவெளியில் கண் அத்தனை தூரம் மேலே போகிறது. அதாவது 7 அடி 8 அங்குலம். ஒரு அடிக்கு மேல் வித்தியாசம். கையை உயர்த்தி அடவு பிடிக்கும் பெண்ணுக்கும், ஒன்பது படி கொலுவில் மேல்படிப் பொம்மைக்கும் இந்த ஓர் அடி பெரிய விஷயம்.

காற்றுக்குழாய் போகும் இடம் மட்டும் எப்படியும் தாழ்வுதான். சட்டத்துக்குக் கீழே அது 8 அங்குலம் தொங்கினால், பெட்டி கட்டி மூடும்போது 10 அங்குலம் ஆகிவிடும். மூடாமல் விட்டால் அந்த 2 அங்குலமாவது மிஞ்சும். குழாயை அப்படியே விட்டு, அதன் அடியில் நடைபாதை வராமல் சோஃபாவையோ புத்தக அலமாரியையோ போட்டுவிடுவதுதான் சாமர்த்தியம். உட்கார்ந்திருப்பவர் தலையில் எதுவும் இடிக்காது.

ஆனால், திறந்த சீலிங் என்றால் செலவே இல்லை என்று நினைத்து இறங்குபவர்கள் கணக்கில் ஏமாறுகிறார்கள். பலகை வாங்கும் காசு மிச்சம்தான். ஆனால் தொங்கும் கம்பிகளை ஒழுங்குபடுத்துவது, அறையை முழுக்கப் பிளாஸ்டிக்கால் மூடி ஸ்ப்ரே அடிப்பது, கூடுதல் விளக்குகள் என்று போனால், சாதாரண ஜிப்சம் சீலிங்கின் செலவை எட்டிவிடுவதும் உண்டு. இதைத் தேர்ந்தெடுக்க உயரம் ஒரு நல்ல காரணம். சிக்கனம் அவ்வளவு நல்ல காரணம் இல்லை.

கசிவு தெரியும்

இன்னொரு நல்ல காரணம், வீட்டின் நரம்புகள் கண்ணுக்குத் தெரிவது. மேலே குளியலறையில் ஒரு இணைப்பு கசிந்தால், திறந்த சீலிங்கில் மறுநாளே ஈரக்கறை தெரியும். மூடிய சீலிங்கில் அது பலகைக்குள்ளேயே ஊறி, பூஞ்சை பிடித்து, பழுப்பு வட்டமாக வெளியே வரும்போது மாதங்கள் ஓடியிருக்கும். அதற்கப்புறம் வெட்டித் திறந்து, சரிசெய்து, மறுபடி பூசி, பெயிண்ட் அடிக்க வேண்டும். பழைய குழாய்கள் இருக்கும் வீட்டில் இந்த ஒரு வசதிக்காகவே சீலிங்கைத் திறந்து விடலாம்.

தண்ணீர் கீழிருந்தும் வரும். டொரண்டோவில் 2013 ஜூலை 8 அன்று விமான நிலையப் பகுதியில் 126 மில்லிமீட்டர் மழை கொட்டியதை அங்கே இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2024 ஜூலையிலும் அதேபோல் நகரம் மிதந்தது. கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் ‘பேக்வாட்டர் வால்வு’ பொருத்த டொரண்டோ மாநகராட்சி மானியம் தருகிறது. சீலிங்குக்கு நிறம் பார்க்கும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும். ரேடான் வாயுவையும்தான். மண்ணில் இருந்து வரும், மணமில்லாத, நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும் வாயு அது. ஹெல்த் கனடா வகுத்திருக்கும் வரம்பு ஒரு கன மீட்டருக்கு 200 பெக்கரெல். குளிர்காலத்தில் 3 மாதம் ஒரு சின்னக் கருவியை வைத்தால் அளவு தெரிந்துவிடும். தரை போட்டு முடித்த பிறகு அதைச் சரிசெய்வதைவிட, முன்பே செய்வது சுலபம்.

எங்கே திறந்து விடவே கூடாது?

படங்களில் பார்த்த கறுப்பு சீலிங்கில் மயங்கியவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். பேஸ்மென்ட்டை வாடகைக்கு விடுவதாக இருந்தால் திறந்த சீலிங் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒண்டாரியோ கட்டட விதிப்படி ஒரே வீட்டில் இரண்டு குடியிருப்புகள் இருந்தால், இரண்டுக்கும் நடுவே தீ பரவுவதைத் தாமதப்படுத்தும் தடுப்பு வேண்டும். நடைமுறையில் அது ஜிப்சம் பலகைதான். கீழே அடுப்பில் தீப்பிடித்தால் மேலே தூங்குபவர்களுக்கும், மேலே பிடித்தால் கீழே தூங்குபவர்களுக்கும் வெளியேறச் சில நிமிடங்களைத் தருவது அந்த அரை அங்குலப் பலகை. கனடாவுக்கு வந்த எத்தனையோ தமிழர்களின் முதல் வீடு யாரோ ஒருவரின் பேஸ்மென்ட்தான். அதன் அருமை அவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

“இப்போதைக்குப் பிள்ளைகள் விளையாடட்டும், பிறகு வாடகைக்கு விடலாம்” என்பது பல வீடுகளின் திட்டம். அப்படியென்றால் அதை இன்றே முடிவு செய்வது நல்லது. பெயிண்ட் அடித்து, விளக்கு மாட்டிய சீலிங்கை நாலு வருடம் கழித்து மூட இரட்டைச் செலவு. உயரத்தையும் இப்போதே அளந்து பார்க்க வேண்டும். கட்டி 5 வருடத்துக்கு மேலான வீட்டின் பேஸ்மென்ட்டில் இரண்டாவது குடியிருப்பு அமைக்க ஒண்டாரியோ கேட்கும் குறைந்தபட்ச உயரம் 1.95 மீட்டர், அதாவது சுமார் 6 அடி 5 அங்குலம்.

வாடகைக்கு விடாமல் சொந்தக் குடும்பமே புழங்கினாலும் கவனிக்க வேண்டியது உண்டு. புதிய வீடுகளில் ஜாய்ஸ்ட் முழு மரமாக இருப்பதில்லை. ஆங்கில ‘ஐ’ எழுத்து வடிவில், மேலும் கீழும் பட்டை, நடுவே மெல்லிய அழுத்தப்பலகை. பாரத்தை நன்றாகவே தாங்கும், ஆனால் தீயில் முழு மரத்தைவிட வேகமாக வலுவிழக்கும். அமெரிக்காவின் பல பகுதிகள் பின்பற்றும் மாதிரிக் கட்டட விதி, 2012 பதிப்பில் இருந்து இப்படிப்பட்ட தளங்களின் அடியில் அரை அங்குல ஜிப்சம் பலகையோ அதற்கு இணையானதோ வேண்டும் என்கிறது. டூ பை டென் அளவிலான முழு மரச்சட்டத்துக்கு அதில் விலக்கு உண்டு. கனடாவில் சொந்த உபயோக பேஸ்மென்ட்டுக்கு அந்த விதி பொருந்தாது என்றாலும், காரணம் அங்கேயும் அதேதான். நிமிர்ந்து பார்த்து, எந்த வகைச் சட்டம் என்று தெரிந்துகொண்ட பிறகு யோசிக்கலாம்.

சுவரும் சீலிங்கும் சேரும் ஓரங்களில் குளிர் புகாமல் இருக்க ஸ்ப்ரே ஃபோம் அடித்திருப்பார்கள். மஞ்சளாக, பஞ்சு உறைந்த மாதிரி இருக்கும். அதைத் திறந்த நிலையில் விடக்கூடாது. எரிந்தால் கரும்புகையும் நச்சுவாயுவும் வரும். அந்த ஓரத்தை மட்டுமாவது ஜிப்சம் துண்டுகளால் மூட வேண்டும். மேலே பெயிண்ட் அடித்தால் ஆயிற்று என்று சொல்லும் வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். சாதாரண பெயிண்ட் மூடுவதாகக் கணக்கில் வராது.

அம்மம்மா தூங்கும் அறைக்கும் மூடிய சீலிங்தான் நல்லது. மேலே ஒருவர் நடந்தால் கீழே தலைக்குமேல் நடப்பது போலக் கேட்கும். காலை 6 மணிக்கு மேலே மாவு அரைக்கும் கிரைண்டர் ஓடினால் கேட்கவே வேண்டாம். படுக்கையறைக்கு மட்டும் சட்டங்களுக்கு இடையே மினரல் வூல் அடைத்து, ஜிப்சம் பலகை போட்டு, கூடத்தைத் திறந்து விடுவது பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும். கூடவே, படுக்கையறை உள்ள தளத்தில் ஆள் வெளியேறும் அளவுக்கு ஒரு ஜன்னல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒண்டாரியோ விதி கேட்பது 0.35 சதுர மீட்டர் திறப்பு, எந்தப் பக்கமும் 38 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. முட்டிவலி இருப்பவர்கள் அதில் ஏறிப் போவது சந்தேகம் என்றால், அவர்கள் கட்டிலைப் படிக்கட்டுப் பக்கத்து அறையில் போடுவது புத்திசாலித்தனம்.

பெயிண்டுக்கு முன்

திறந்த சீலிங் அழகாக அமைவதும் அசிங்கமாகத் தெரிவதும் பெயிண்டில் இல்லை, அதற்கு முந்தைய வேலையில்தான் இருக்கிறது. பழைய டிவி கேபிள், யாரும் பேசாத டெலிபோன் கம்பி, துண்டு துண்டாகத் தொங்கும் கொக்கிகள் எல்லாவற்றையும் முதலில் கழற்ற வேண்டும். மின்கம்பிகளைச் சட்டத்தின் பக்கவாட்டில் நேராக இழுத்துப் பொருத்தினாலே பாதி அழகு வந்துவிடும். இது எலக்ட்ரீஷியன் வேலை. ஒண்டாரியோவில் மின்வேலைக்கு எலக்ட்ரிக்கல் சேஃப்டி அதாரிட்டியிடம் தெரிவிப்பதும் அவசியம். மேல்தளத்தில் இருந்து துருத்திக்கொண்டிருக்கும் ஆணி முனைகளை வெட்டிவிட வேண்டும். உயரமானவர் தலையில் முதலில் படுவது அதுதான்.

குளிர்நீர்க் குழாய்கள் கோடையில் வியர்க்கும். அவற்றுக்கு நுரை உறை போட்ட பிறகே பெயிண்ட். இல்லையென்றால் ஜூலை மாதம் புது சோஃபாவில் சொட்டும்.

வீடு 1990க்கு முன் கட்டியதாக இருந்தால், குழாயைச் சுற்றிய வெள்ளைக் கட்டு, காற்றுக்குழாய் மூட்டுகளில் ஒட்டிய பழைய நாடா ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

பெயிண்ட் படக்கூடாத இடங்களும் உண்டு: புகை எச்சரிக்கைக் கருவி, எரிவாயு வால்வு, தண்ணீரை நிறுத்தும் கைப்பிடி, மின் இணைப்புப் பெட்டியின் மூடி. கம்பியின் மேலுறை நிறமும் அதில் அச்சிட்ட எழுத்தும்கூட அது எந்தக் கம்பி என்று சொல்பவை. கறுப்பு பெயிண்ட் அடித்துவிட்டால் அடுத்து வரும் எலக்ட்ரீஷியன் விழிப்பார். எதை மூடி வைத்து அடிப்பது என்று முதலிலேயே அவரைக் கேட்டுவிடலாம். அடிப்பதற்கு முன் சீலிங் முழுவதையும் பகுதி பகுதியாகப் படம் எடுத்து வைத்தால், பின்னால் ஒரு குழாய் எங்கே போகிறது என்று தேட வேண்டியிருக்காது.

ஸ்ப்ரே அடிக்கும்போது ஃபர்னஸையும், எரிவாயுவில் ஓடும் வெந்நீர்த் தொட்டியையும் அணைத்திருக்க வேண்டும். பெயிண்ட் ஆவியும் நெருப்பும் சேரக்கூடாது, தவிர ஃபர்னஸ் அந்த வாடையை வீடு முழுக்க ஊதிவிடும். துளிகள் விழும்போதே காய்ந்து தூளாகிவிடும் ‘டிரைஃபால்’ பெயிண்ட் என்று ஒன்று விற்கிறார்கள். அது கிடங்கு, கடை மாதிரி உயரமான இடங்களுக்கானது. 7 அடி பேஸ்மென்ட்டில் துளி காய்வதற்குள் தரையைத் தொட்டுவிடும். எல்லாவற்றையும் மூடித்தான் ஆக வேண்டும்.

கறுப்பா, வெள்ளையா?

பளபளப்பே இல்லாத கறுப்பு அடித்தால் குழாய், கம்பி, சட்டம் எல்லாம் ஒன்றோடொன்று கரைந்து, சீலிங் எங்கே இருக்கிறது என்றே கண்ணுக்குப் பிடிபடாது. வீட்டுத் திரையரங்குக்கு அருமை. ஆனால் டிசம்பரில் டொரண்டோவில் மாலை 4:40 வாக்கில் சூரியன் மறைந்துவிடும். சின்ன ஜன்னல், கறுப்பு சீலிங், வெளியே இருட்டு என்று சேர்ந்தால் குகைக்குள் இருப்பது போல ஆகிவிடும். பகல் முழுவதும் அங்கேயே இருக்கப்போகும் முதியவர்களுக்கு இது ஆகாது.

வெள்ளை அடித்தால் இருக்கிற வெளிச்சமெல்லாம் திரும்பி வரும். மரக்கணுக்களின் மஞ்சள் கசியாமல் இருக்க முதலில் கறை தடுக்கும் பிரைமர் வேண்டும். தூசியும் ஒட்டடையும் பளிச்சென்று தெரியும் என்பது குறைதான், ஆனால் தெரிந்தால்தானே துடைக்கத் தோன்றும்! இரண்டுக்கும் நடுவே, சுவரின் நிறத்தையே சீலிங்குக்கும் கொடுப்பது அதிகம் பேர் யோசிக்காத, ஆனால் நன்றாக அமையும் வழி. இளஞ்சாம்பல், சந்தன நிறம் போன்றவற்றில் அறை முழுவதும் ஒரே உறைக்குள் இருப்பது போலத் தோன்றும்.

பழைய வீடுகளில் சட்டங்கள் நல்ல, முதிர்ந்த மரமாக இருந்தால் பெயிண்டே வேண்டாம். தூசு தட்டி, நிறமில்லாத பூச்சு ஒன்று போதும். பார்க்க நன்றாக இல்லாத ஒரு பகுதி மட்டும் உறுத்தினால், அங்கே மெல்லிய மரப்பட்டைகளை இடைவெளி விட்டுத் திருகாணியால் பொருத்தலாம். வேண்டும்போது கழற்றிக்கொள்ளலாம்.

விளக்குகள் சட்டங்களுக்கு இடையே பொருந்துவதாக இருந்தால் உயரம் குறையாது. தொங்கும் விளக்கு சாப்பாட்டு மேசைக்கு மேல் மட்டும். நடக்கும் வழியில் வேண்டாம். புகை எச்சரிக்கைக் கருவியை மட்டும் சட்டங்களுக்கு இடையே உள்ள குழியில் ஒளித்து வைக்காமல், சட்டத்தின் அடிப்பாகத்தில் பொருத்த வேண்டும். சாமி விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி ஏற்றும் இடத்துக்கு நேர் மேலேயும் திறந்த மரம் இருக்கக் கூடாது. அந்த ஒரு பகுதிக்குப் பலகை போட்டுவிடலாம், கரியும் படியாது.

திறந்த சட்டங்களைப் பார்த்ததும் நம்மவர்கள் பலருக்கு வரும் அடுத்த ஆசை, ஊஞ்சல். மேலே தேக்கு உத்தரம் இருந்த ஊர்வீட்டு நினைப்பு. இங்கே இருக்கும் சட்டம் மேல்தளத்தின் எடையைத் தாங்கக் கணக்கிட்டது. இரண்டு பேர் உட்கார்ந்து ஆடும்போது வரும் இழுவிசை வேறு கணக்கு. ‘ஐ’ வடிவச் சட்டத்தின் அடிப்பட்டையில் துளை போடுவது அறவே கூடாது. முழு மரமாக இருந்தாலும் பொறியாளர் ஒருவர் பார்த்து, பல சட்டங்களுக்குப் பாரம் பகிரும்படி குறுக்குக்கட்டை கொடுக்கச் சொன்னால்தான் கொக்கி மாட்டலாம். அதற்குச் செலவழிக்க மனமில்லாதவர்களுக்கு, தன் காலிலேயே நிற்கும் சட்டத்தோடு வரும் ஊஞ்சல் கடைகளில் கிடைக்கிறது. வாங்கும் முன் அதன் உயரத்தை அளந்துகொண்டு போனால் சரி.